இசக்கிமுருகன் குடிக்கவில்லை

ஸ்ரீவைகுண்டத்தில் சுடலைவடிவு மதினியைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர் ஒருவரைக் காட்டுங்கள், என் மைக் செட்டை அவருக்குச் சும்மா தந்துவிடுகிறேன். சொந்த அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் அவள் இலைக்கு அப்பளம் வராமல் போனது. வேண்டுமென்று செய்ததல்ல, அப்பளம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அண்ணன் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. போவாள், பந்தியில் உட்காருவாள், அப்பளத்தை மட்டும் எடுத்து இலைக்கு வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவாள். கடைசியில் அண்ணன் எல்லார் முன்னாலும் அழுதே விட்டான். அப்படிப்பட்டவளின் புருஷனைப் பற்றித்தான் மெடிக்கல் கடை செல்வமணி அண்ணாச்சி வாய்க்கு வந்ததைப் பேசினார்.

நான் ஜெபஸ்டின். கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் தர்கா கந்தூரிக்கும் ஒரே மைக் செட்டைக் கொண்டுபோய்க் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது நான் பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். மன்னிக்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. மதினியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அவள் கருங்குளத்துப் பக்கம் பிறந்தவள். சிறு வயதிலேயே நடவுக்கு இறங்கியவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நடவு இல்லாத காலத்தில் வாழைத்தோட்டத்திலிருந்து தார் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து போடுவாள். அந்தத் தாரை லாரியில் ஏற்றுகிறவர் அவள் புருஷன் இசக்கிமுருகன் அண்ணன். சேற்றில் குனிந்தே அவளுக்கு முட்டு போனது, சுமந்தே அவருக்கு முட்டு போனது. காலையில் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் தெருவில் மூட்டுவலியை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. வேலைக்குப் போகிற வழியில் செல்வமணி அண்ணாச்சி கடையில் நின்று, "கால்வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் போதும். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கமாட்டார். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ஒரு மாத்திரையை வெட்டித் தருவார். அட்டையில் மருந்தின் பெயர் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதி அவர் கடையிலேயே தங்கிவிடும். கத்தரிக்காய் வாங்கினால்கூடச் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிற ஊர் இது. மாத்திரையை மட்டும் பெயர்கூடத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு போகும்.

இசக்கிமுருகன் அண்ணன் சாதுவான மனிதர். ஆனால் குடிப்பார். இல்லையென்று மதினியே சொல்லமாட்டாள். திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டுப் பச்சை வேட்டி கட்டிவிட்டால் மட்டும் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். வைகாசி விசாகத்துக்கு நடந்து போய் மாலையைக் கழற்றும்வரை சாயங்காலம் ஒரு வேளைச் சாப்பாடுதான். வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் மதினிக்கு முழுப் புருஷன் கிடைப்பார். அதனால் முருகன்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ விசாகத்துக்குச் செல்வமணி அண்ணாச்சி ஒரு புதுத் தர்மம் கண்டுபிடித்தார். பேரூராட்சித் தேர்தலில் நிற்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. மோர்ப் பந்தல் எல்லாரும் வைக்கிறார்கள், சுண்டல் எல்லாரும் கொடுக்கிறார்கள். இவர் கால்வலி மாத்திரைப் பந்தல் வைத்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒன்று, ஆழ்வார்திருநகரியில் ஒன்று, தென்திருப்பேரைக்கு முன்னால் ஒன்று. மூன்றிலும் அவர் கும்பிட்டபடி சிரிக்கும் பெரிய ஃபிளெக்ஸ். மோரையும் மாத்திரையையும் சேர்த்தே நீட்டினார்கள்.

பாதயாத்திரை போகிறவர்கள் பந்தலில் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். முருகனே நீட்டுகிறான் என்று எண்ணம். விரதக்காரர்கள் புளியோதரைப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றித் துண்டில் முடிந்துகொள்வார்கள், சாயங்காலம் சாப்பிட. மாத்திரையை அப்படி முடிந்துவைக்கவில்லை. மாத்திரை சோறில்லை, அதனால் விரதம் கெடாது என்று அங்கேயே தண்ணீர் ஊற்றி விழுங்கினார்கள். அண்ணனும் விழுங்கினார், ஒவ்வொரு பந்தலிலும் கூட ஒன்று கேட்டு வாங்கி மறுநாளைக்கென்று வேட்டி மடியில் முடிந்துகொண்டார். முதல் பந்தலில் வெள்ளை, அடுத்ததில் மஞ்சள், அதற்கடுத்ததில் ஆரஞ்சு. கடையில் விற்காமல் கிடந்த கம்பெனி மாத்திரைகளையெல்லாம் அண்ணாச்சி பந்தலுக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பியிருந்தார். நிறம் வேறாக இருந்ததால் ஒவ்வொன்றும் வேறு மருந்து என்று எல்லாரும் நினைத்தார்கள். கொளுத்துகிற வெயில், காலையிலிருந்து வெறும் வயிறு. கூட நடந்த மதினியும் ஒன்றும் சொல்லவில்லை. வலி குறைந்து அவர் வேகமாக நடப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குரும்பூர் நெருங்கும்போது அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். முதலில் கறுப்பாக, காப்பி மண்டி நிறத்தில் வந்தது. அப்புறம் ரத்தமாகவே வந்தது. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியும்போது ஆள் இல்லை.

ராத்திரி முழுக்க அவருக்காகப் பாடுபட்ட டாக்டர் ஸமீஹா என்று ஒரு சின்னப் பெண். அண்ணன் வேட்டி மடியில் முடிந்து வைத்திருந்த மிச்ச மாத்திரைகளை மதினி அவிழ்த்துக் காட்டியபோது அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாளாம்.

"மூணும் ஒரே மருந்தும்மா. கம்பெனிதான் வேற, சட்டைதான் வேற. சாப்பிடாம ஒண்ணு போட்டாலே வயித்தைப் புண்ணாக்கும். இவரு தினமும் வேற போட்டுட்டு இருந்திருக்காரு. உள்ள புண்ணு முன்னாடியே இருந்திருக்கு. அதுமேல மூணு."

மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டாக்டரம்மா, இவரு குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல."

அதைக் கேட்டபிறகுதான் அழுதேன் என்று என்னிடம் சொன்னாள்.

துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்கள் ஊருக்குள் போய்ப் பந்தல் மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். செல்வமணி அண்ணாச்சிக்குக் காது நீளம். உடனே டீக்கடையில் நின்று சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார்: "மாலையைப் போட்டுக்கிட்டுச் சரக்கையும் போட்டா முருகன் விடுவானாவே? குடல் வெந்துதான் போவும்." அவ்வளவுதான். மாத்திரைக் கதையைவிடக் குடிகாரன் கதை ஊருக்கு ருசியாக இருந்தது. விரதத்தில் குடித்துச் செத்தவன் என்று அண்ணனுக்குப் பெயர் கட்டிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களே அதைப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கே நாலு பேரை அறையலாம் போல இருந்தது.

மதினி நேராகக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணாச்சி, எனக்குக் கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுக்காரரு குடிக்கல. நீங்க எந்த டீக்கடையில நின்னு சொன்னியளோ அங்கனயே நின்னு அதைச் சொல்லிருங்க. போதும்."

அண்ணாச்சி கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நான் தர்மம் பண்ணினவன்மா. ஆயிரம் பேரு வாங்கித் தின்னுருக்கான், எல்லாரும் நல்லாத்தான் இருக்கான். உன் வீட்டுக்காரன் யோக்கியதை ஊருக்கே தெரியும். பைய வீட்டுக்குப் போ."

அவள் குனிந்து கடை வாசலில் மண்ணை அள்ளி அவர் கண்ணாடி அலமாரியில் வீசினாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவாள்.

சொந்தக்காரர்கள் சுடலைமாடன் கோயிலில் காசு வெட்டிப் போட்டு, அண்ணாச்சியைச் சாமியே தண்டிக்கட்டும் என்று விடச் சொன்னார்கள். "சாமிக்கு ஆயிரம் சோலி. அது எப்ப எந்திரிச்சு வந்து எப்பக் கேக்கது? இது என் சோலி" என்று மறுத்துவிட்டாள்.

மாதங்கள் போயின. தனியாளாகச் சுமந்ததில் அவள் முட்டு வீங்கிக்கொண்டது. அண்ணாச்சி கடை இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்பதால் பஸ் ஏறி அதே டாக்டரிடம் போனாள். அந்தப் பெண் இவளை அடையாளம் கண்டுகொண்டு நன்றாகத் திட்டியிருக்கிறாள். சுமையைக் குறைக்கச் சொன்னாள், முட்டுக்குச் சில பயிற்சி காட்டிக்கொடுத்தாள். பொறுக்கமுடியாத நாளுக்குச் சாதாரணப் பாராசிட்டமால், அதுவும் அளவு தாண்டக்கூடாது, காய்ச்சலுக்கென்று வேறு வாங்கினால் அதிலும் இதே மருந்து இருக்கிறதா என்று கேட்கவேண்டும். மற்ற வலிமாத்திரைகள் பக்கம் கேட்காமல் போகவே கூடாது. பிரஷர் உள்ளவர், சர்க்கரை உள்ளவர், வயிற்றுப்புண் உள்ளவர் எல்லாம் கிட்னியையே விலையாகக் கொடுக்கவேண்டி வரும். வாங்குகிறபோது மருந்தின் பெயர் தெரியவேண்டும். மலம் கறுப்பாகப் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் ஓடிவரவேண்டும்.

"இத்தனையும் அந்த அண்ணாச்சிக்குத் தெரியுமா டாக்டரம்மா?" என்று மதினி கேட்டிருக்கிறாள்.

"மெடிக்கல் கடை வச்சிருக்கவருக்குத் தெரியாம எப்படிம்மா?"

தெரியுமா என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். வேலையில்லாத நாட்களில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். எந்தப் பஸ்ஸிலும் ஏறமாட்டாள். அண்ணாச்சிக்கும் முட்டுவலி உண்டு, காலை இழுத்துத்தான் நடப்பார். ஒருநாள் அவர் சம்சாரம் பொன்செல்வி தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தாள். அண்ணாச்சி முதலில் வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு குட்டி மாத்திரை போட்டார். இட்லியைச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். அதன் பிறகு ஒரு அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து, ஒரே ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். தனக்கென்று வரும்போது படிக்கிறான் பாவி. வெறும் வயிற்றில் தொடவில்லை. எதிரில் ஒரு கிழவர் வந்து கால்வலி என்று நின்றார். அவருக்குக் கத்தரிக்கோல், ஒரு துண்டு, போ என்று கை காட்டல்.

"அப்பதான் ஜெபா, எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. தெரியாமப் பண்ணினான்னாக்கூட விட்டிருப்பேன்" என்றாள். விட்டிருக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

மறு விசாகம் வந்தது. தேர்தல் நெருங்கும் பேச்சு இருந்ததால் அண்ணாச்சி பாலத்துப் பந்தலைப் பெரிதாகப் போட்டார். மைக் செட் என்னுடையது. முதல் நாள் நான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது மதினி பச்சைச் சேலையில், கழுத்தில் மாலையோடு வந்து நின்றாள்.

"மைக்கு நாளைக்கு நல்லா கேக்குமாடே?"

"ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேக்கும் மதினி."

"நடுவுல அணைக்கச் சொன்னா?"

"சுவிட்சு கொஞ்சம் பழசு. நான் அமுக்கினா உடனே கேக்காது."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு வருஷக்கணக்கில் தொழிலில் கிடைக்காத சந்தோஷம் அன்றைக்குக் கிடைத்தது.

காலையில் கூட்டம். அண்ணாச்சியும் மாலை போட்டிருந்தார், அவருக்கும் விரதம். பக்கத்தில் பொன்செல்வி குத்துவிளக்குத் தட்டோடு நின்றாள். பச்சைச் சேலைகளுக்கு நடுவில் மதினி வருவதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. செத்தவன் பெண்டாட்டியே வந்து கைநீட்டி வாங்கினால் பேச்சு அடங்கிவிடும் அல்லவா? மைக்கில் கூப்பிட்டார்: "வாங்க தாயி, வாங்க. பழசெல்லாம் மனசுல வைக்காதிய. முருகன் பிரசாதம்."

மதினி ஏறி வந்தாள். கையைக் கூப்பினாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு இந்தப் பந்தலு மாத்திரையத் தின்னுதான் செத்தாருன்னு சொல்லுதாங்க."

"அது பொய்ம்மா. அவன் போனதுக்குக் காரணம் வேற. ஊருக்கே தெரியும்."

"அப்ப மாத்திரையில ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா."

மதினி முந்தி முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று. போன விசாகத்தில் அண்ணன் மடியிலிருந்து எடுத்தவையல்ல; அண்ணாச்சி பந்தலுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்த பெட்டிகளிலிருந்து அன்றைக்குக் காலையில் வாங்கியவை. "எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் போட்டாரு. வெறும் வயிறு, நீங்களும் இப்ப வெறும் வயிறு. உங்களுக்கும் முட்டுவலி. நீங்க போட்டுக் காட்டுங்க, அதைப் பாத்துட்டு நாங்க எல்லாரும் போடுதோம்."

பின்னால் நின்ற பெண்கள், "ஆமா, போடுங்க அண்ணாச்சி" என்று சத்தம் கொடுத்தார்கள். அவர்கள் மதினியோடு நடவு நடுகிறவர்கள். அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கையால் அணைக்கச் சொன்னார். நான் சுவிட்சை அமுக்கினேன். அது என்ன செய்யும், பழசு.

"போடுதேன்மா, அதுக்கென்ன" என்று வீறாப்பாக உள்ளங்கையில் வாங்கி வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். மானம் போகக்கூடாதே. அந்த நேரத்தில்தான் பொன்செல்வி தட்டைக் கீழே போட்டாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கத்தினாள்.

"ஐயோ, வெறும் வயித்துல போட்டுராதிய! போன தடவை ஒண்ணு போட்டதுக்கே ரத்தமாப் போச்சுலா? மூணைச் சேத்துப் போட்டா செத்துப் போவியன்னு நீங்கதான என்கிட்ட சொன்னிய!"

அக்கரை வரைக்கும் கேட்டது.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. புருஷன் சாகக்கூடாது என்று கத்தினாள், அவ்வளவுதான். மாத்திரை மூன்றும் அண்ணாச்சி கையிலிருந்து விழுந்து மோர் சிந்திய தரையில் கிடந்தன. மதினி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. இசக்கிமுருகன் குடிச்சிருந்தாரா?"

அண்ணாச்சி படியிறங்கி, காலை இழுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். கூட்டம் அவர் ஃபிளெக்ஸைக் கிழித்தது. வாங்கி வைத்திருந்தவர்கள் மாத்திரையைத் திரும்ப மேஜையில் வீசிவிட்டு நடந்தார்கள். எல்லாரும் மதினியை வந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "வாயைத் திறந்து சொல்லலையே, ஜெபா" என்றாள். ஊர் புரிந்துகொண்டது அவளுக்குப் போதவில்லை. அவர் வாயால் வரவேண்டும்.

அதன் பிறகு நடவுப் பெண்களும் வாழைத்தார் லோடுமேன்களும் அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். தேர்தல் ஆசையும் போனது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருநாள் சாயங்காலம் பழத்தட்டோடு பொன்செல்வியையும் கூட்டிக்கொண்டு மதினி வீட்டுக்கு வந்தார். மன்னித்துவிடு என்றார். நான் அங்கே இருந்தேன்.

"மன்னிக்க மாட்டேன்" என்றாள் மதினி. குரலை உயர்த்தாமல், உலையில் அரிசி போடுகிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "பழத்தை எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளையிலயிருந்து நானே உங்க கடைக்கு வாரேன். நான் வந்தா எல்லாரும் வருவாங்க. ரெண்டு காரியம் பண்ணணும். வாரவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். நான் ஒண்ணு கேப்பேன், அதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

அண்ணாச்சி பழத்தட்டைத் திரும்ப எடுத்தார். பொன்செல்விதான், "சொல்லுவாங்க, சொல்லாம இருந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இப்போதும் நடக்கிறது. நீங்கள் வந்தால் பார்க்கலாம். காலையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் மதினி கடைக்குப் போவாள். மற்றவர்களை ஒதுக்கமாட்டாள், பின்னால் வரிசையில் நிற்பாள். முறை வந்ததும் முட்டுவலிக்கு மாத்திரை என்பாள்.

"சாப்பிட்டியளா?" என்று அண்ணாச்சி கேட்பார்.

"சாப்பிட்டாச்சு."

"பிரஷர், சுகர் இருக்கா? வயித்துப்புண்ணு? வேற ஏதும் மாத்திரை போடுதியளா?"

"ஒண்ணும் இல்ல."

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் படித்துக் காட்டுவார். அவள் கையை நீட்டமாட்டாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கடையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள்.

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் குடிச்சிருந்தாரா, அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"கேக்கல."

"இல்லம்மா. இசக்கிமுருகன் குடிக்கல."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டி வாங்குவாள். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தவறாமல் செய்வதால் முட்டு இப்போது எவ்வளவோ தேவலை. பல நாள் வலியே இருப்பதில்லை. அந்த நாட்களிலும் அவள் கடைக்குப் போகிறாள். மாத்திரை வாங்குவதில்லை, கேட்டுவிட்டு வருகிறாள்.